பித்தளை ஸ்பேசர் போட்ட பெட்டிகள்

சேரம்பாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் எஸ்டேட் பாக்டரியில், தேயிலை சலிக்கும் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் ரஞ்சனி. தேயிலை விலை விழத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு பாக்டரியின் அடுப்பை அணைத்தார்கள். மூடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு லீவு என்றார்கள். அந்த லீவு முடியவே இல்லை.

சிறுபிள்ளையாக இருந்தபோது தாய் தகப்பனோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள் அவள். கணவன் முத்துவேல் அதே எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். வேலை நின்றதும் மலைக்குக் கீழே நிலம்பூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான், சில வாரம் வரமாட்டான்.

ஆள் இறங்காத தோட்டம் சீக்கிரம் காடாகிவிடும். கவாத்து வெட்டாத தேயிலைச் செடிகள் மரமாகி நின்றன, ஊடே உண்ணிச்செடி மண்டியது. அந்த மறைவில் யானைகள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குக் கிட்டவே வந்து நிற்க ஆரம்பித்தன. வாழை போட்டால் வாழைக்கு வந்தன, அரிசி வைத்தால் அரிசிக்கு வந்தன.

ரஞ்சனிக்கு அடுத்த வேலை கிடைத்தது இந்த யானைகளால்தான். தேவாலாவில் அப்துல் கையூம் என்பவர் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எஸ்டேட்டில் சம்பளம் நின்றதும் அவர் கடைக்கு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அவர் யோசித்து, மின்வேலிக்கான பெட்டி செய்ய இறங்கினார். பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து, பெருக்கி, விநாடிக்கு ஒரு தரம் வேலிக் கம்பிக்குத் தட்டிவிடும் பெட்டி அது. ஆளையும் மிருகத்தையும் கொல்லாது, ஆனால் தொட்டவர்கள் மறுபடி தொடமாட்டார்கள். வேலைக்கு மூன்று பெண்களை எடுத்தார். அவர்களில் ரஞ்சனி ஒருத்தி.

இரண்டு பேர் சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார்கள். அந்தப் போர்டைத் தகரப் பெட்டிக்குள் பொருத்தி மூடுவது ரஞ்சனியின் வேலை. போர்டு தகரத்தின் மேல் படக்கூடாது. அதனால் நான்கு மூலையிலும் விரல் கணு அளவு குட்டித் தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் போர்டை வைத்துத் திருகாணி போடுவார்கள். அந்தத் தூணுக்கு ஸ்பேசர் என்று பெயர். கடையில் வாங்கி வைத்திருந்தவை வெள்ளை நைலான் ஸ்பேசர்கள். ரஞ்சனிக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருகினால் உள்மரை வழுக்கிவிடும், மறுபடி கழற்றி வேறொன்று போட வேண்டும். எதையும் இறுக்கமாகப் பூட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து, கோயம்புத்தூரிலிருந்து சாமான் வருவது தடைப்பட்டது. நைலான் தீர்ந்துபோனது. கூடலூரில் ஒரு கடையில் பழைய ஆம்ப்ளிபயருக்கான பித்தளை ஸ்பேசர்கள் இருந்தன. ரஞ்சனி போய்ப் பார்த்து வாங்கி வந்தாள். உயரம் நைலானில் பாதி. ஆனால் மரை சுத்தமாகப் பிடித்தது, போர்டு அசையவில்லை.

"நைலான் வரல பாய். இது ஒசரம் கம்மி, ஆனா கெட்டி. போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

"மேசையில வச்சா ஓடுதா?"

"ஓடுது."

"அப்பப் போடு. நாடுகாணிக்காரர் பெட்டிக்காக ரெண்டு நாளா வந்து நிக்கிறார்."

அப்படி ஒன்பது பெட்டிகள் போயின. அதில் ஒன்று ரஞ்சனி குடியிருந்த லயத்துக்கே போனது. லயத்துக்காரர்கள் சேர்ந்து வாங்கி, கோயிலடியில் மாட்டினார்கள். தன் கையால் பூட்டியது தன் வீட்டு வாசலில் ஓடுகிறது என்பதில் ரஞ்சனிக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று அந்த டிக், டிக் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாள்.

ஆடி பிறந்த சமயம், ஒரு சாயங்காலம். ரஞ்சனி பஸ் இறங்கி வரும்போது லயத்தில் கூட்டமாக இருந்தது. கடைசி வீட்டுப் பிலோமியின் வீட்டோடு சேர்த்துக் கட்டிய சமையல் சாய்ப்பு தரையோடு கிடந்தது. யானை வேலியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்திருக்கிறது. அடுப்பு முன்னால் இருந்த பிலோமி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கல்படியில் விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பிலோமியின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றிப் பந்தலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"பெட்டி நின்னுபோச்சா?" என்று ரஞ்சனி கேட்டாள்.

"இல்லயே. சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு" என்றார் பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை.

அவள் கோயிலடிக்குப் போனாள். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு புல்லைக் கிள்ளி வேலிக் கம்பியில் வைத்தாள். கையில் எதுவும் தட்டவில்லை. புல்லைப் போட்டுவிட்டு விரலாலேயே தொட்டாள். அப்போதும் ஒன்றுமில்லை.

பேட்டரியைக் கழற்றி, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே தகரம் வியர்த்திருந்தது. போர்டின் அடியில் சால்டர் முனைகள் தகரத்தைத் தொடாத குறையாக இருந்தன. ஒரு மூலையில், கரண்ட் வெளியே போகும் இடத்துக்கும் பித்தளை ஸ்பேசருக்கும் நடுவே, தலைமுடி மாதிரி ஒரு கருப்புக் கோடு எரிந்து கிடந்தது. ஈரத்தின் வழியே கரண்ட் பித்தளைக்குத் தாவி, தகரத்துக்கு இறங்கி, பூமிக்குப் போயிருக்கிறது. வேலிக்குப் போக மிச்சம் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் கடையில் அப்துல் கையூம் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இடி விழுந்தாலும் இப்படித்தான் கருகும்" என்றார்.

"இடி இல்ல பாய். நான் போட்ட ஸ்பேசர்."

"நானுந்தான் போடச் சொன்னேன். அதுக்காக ஊரெல்லாம் போய்ச் சொல்லணுமா? இந்தத் தொழிலும் போச்சுன்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. இடின்னு சொல்லு. வேற பெட்டி மாட்டிக் குடுத்துடலாம்."

அன்று முழுவதும் ரஞ்சனி வேலை செய்யவில்லை. சாயங்காலம் நேராகப் பிலோமி வீட்டுக்குப் போனாள். பிலோமி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஞ்சனி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். நைலான் இல்லாததையும், உயரம் குறைவு என்று தெரிந்தே பித்தளையைப் போட்டதையும் விடாமல் சொன்னாள்.

"சத்தம் கேட்டுச்சுன்னுதான் புள்ளய வச்சுக்கிட்டு அங்கன உக்காந்திருந்தேன்" என்றாள் பிலோமி.

"தெரியும்க்கா."

"அந்த மாதிரி வேற எத்தன பெட்டி போயிருக்கு?"

ரஞ்சனி அதுவரை அதை நினைக்கவில்லை. தன் லயம், தன் பெட்டி என்றே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அதப் போய்ப் பாரு. இங்க வந்து நின்னு என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டுப் பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் ரஞ்சனி மற்ற எட்டுப் பெட்டிகளையும் நிறுத்த வேண்டும் என்று சொன்னபோது அப்துல் கையூம் மறுக்கவில்லை. அவரும் தூங்கியவர் மாதிரித் தெரியவில்லை. கோயம்புத்தூர் வழி திறந்திருந்தது. நைலான் ஸ்பேசர் வரும்வரை இருவரும் ஜீப்பில் ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளை அணைத்துக் கழற்றினார்கள். வேலி வேலை செய்யாது, ராத்திரி காவல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நாடுகாணிக்காரர் அப்துல் கையூமை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

நடுவட்டத்தில் நல்லசாமி என்ற விவசாயிதான் பெட்டியைத் தர மறுத்தார். காட்டெருமைக்காக வாங்கியவர் அவர்.

"ஏனுங்க, நல்லா ஓடிட்டிருக்கற பெட்டிய எதுக்குங்க கழட்டறது? என்ற வேலி இன்னிக்குக் காலைலகூட அடிச்சுதுங்க."

ரஞ்சனி மூடியைத் திறந்து, நனைந்த துணியை ஓடும் பெட்டிக்கு மேலே பிடித்து லேசாக உதறினாள். இரண்டு மூன்று துளி உள்ளே விழுந்தது. போர்டுக்கு அடியில் நீலப்பொறி தாவியது. சத்தம் நிற்கவில்லை.

"இப்ப வேலியத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

நல்லசாமி புல்லை வைத்துப் பார்த்தார், பிறகு கையை வைத்தார். "கழட்டிக்குங்க" என்றார். அவர் வீட்டில் டீ கொடுத்தார்கள், அப்துல் கையூம்தான் குடித்தார்.

சாமான் வந்ததும் ரஞ்சனி எல்லாவற்றையும் மாற்றினாள். இந்தத் தடவை நைலானிலேயே உயரமானதைக் கேட்டு வாங்கினாள். மரை வழுக்காமல் இருக்க, ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் பிடிக்காமல் இரண்டு விரலால் மட்டும் திருகப் பழகினாள். போர்டு உயர்ந்ததால் மூடி இடித்தது. பெட்டியின் அளவையும் மாற்றச் சொல்லி அப்துல் கையூமிடம் சண்டை போட்டாள். ஒவ்வொரு பெட்டியையும் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு நாள் ஓடவிட்டு, வெளியே வரும் கரண்டைப் பார்த்துத்தான் அனுப்பினாள். ஆர்டர் எடுத்தவர்கள் தாமதம் என்று குறை சொன்னார்கள். நாடுகாணிக்காரர் மறுபடி வரவே இல்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

லயத்தில் சிலர் ரஞ்சனியோடு பேசுவதை விட்டிருந்தார்கள். முத்துவேல் ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "நீயாப் போய் எதுக்குச் சொன்ன?" என்று மட்டும் கேட்டான். பிலோமியின் சாய்ப்பை அவனும் பொன்னுத்துரையும் சேர்ந்து கட்டிக் கொடுத்தார்கள். ரஞ்சனி தினமும் காலையில் பிலோமிக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். முதல் சில நாள் பிலோமி கதவைத் திறக்கவில்லை, குடம் வாசலிலேயே இருந்தது. பிறகு திறந்தாள். பேச்சு பழையபடி வரவில்லை.

மணிக்கட்டு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. பிலோமியால் இனிக் கொழுந்து பறிக்க முடியாது. பறிப்பதற்கும் எஸ்டேட்டில் வேலை இல்லை. மார்கழியில், லயத்தில் பலரும் போனது போல, அவள் குடும்பமும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனியைத் தேடிப் புறப்பட்டது. போகிற அன்று காலை பிலோமி ஒரு கூடையில் தன் கோழிகளைக் கொண்டுவந்து ரஞ்சனியின் வாசலில் வைத்தாள்.

"அங்க கோழி வைக்க எடமில்லையாம். நீயே வச்சுக்க" என்றாள்.

"சரிக்கா. போய்ச் சேந்து தகவல் சொல்லுங்க."

"சொல்றேன்."

ரஞ்சனி மூட்டைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ரோடு வரை நடந்தாள். குழந்தை பிலோமியின் இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடலூர் பஸ் முதலில் வந்தது. எல்லோரும் ஏறினார்கள், ரஞ்சனியும் ஏறினாள். தேவாலாவில் அவள் இறங்கிக்கொண்டாள்.