ஏழாம் மேசையும் சுண்டுவிரலும்

ஏழாம் மேசையில் பேய் இருக்கிறது என்பதில் அந்தத் தையல் ஆலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தைத்து வரும் உடுப்புகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்ன ஸ்பிரிங் கத்தரியால் வெட்டும் பகுதி அது. மொத்தம் ஏழு மேசைகள். கடைசி மேசையில் உட்கார்ந்த மூன்று பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கை செத்துப்போனது. நிர்வாகம் மேசையையே மாற்றிப் பார்த்தது. பேய்க்குப் புது மேசையும் பிடித்திருந்தது.

நான்காவதாக அங்கே போனவள் மின்னல். நான்கு வருடம் முதல் மேசையில் அவள் வெட்டிய வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. கழிப்பறைக்குப் போகவும் சீட்டு வாங்க வேண்டுமா என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். அதற்குப் பரிசு ஏழாம் மேசை.

அங்கே போன எட்டாம் மாதம் கை மரத்தது. விடியற்காலையில் விழித்தால் தலையணைக்குப் பக்கத்தில் யாருடையதோ ஒரு கை கிடக்கும். இடது கையால் தடவிப் பார்த்துத்தான் அது தன்னுடையது என்று தெரிந்துகொள்வாள். உதறினால் எறும்பு ஊர்வதுபோல் உயிர் வரும்.

பக்கத்தில் படுக்கும் தங்கை வேறொன்றும் சொன்னாள். "அக்கா, நீ தூங்குறப்போ உன் வலது கை மட்டும் அசையுது. ரெண்டு தடவை அமுக்குது, அப்புறம் விரியுது. திரும்ப ரெண்டு தடவை அமுக்குது. எனக்குப் பயமா இருக்குக்கா."

"சம்பளம் கேக்காம ஓவர்டைம் பாக்குதுடி, விடு" என்று சிரித்தாள் மின்னல். சிரித்துக்கொண்டே எடுத்த டம்ளர் விரல்களுக்கு நடுவே நழுவி விழுந்தது.

ஆலையில் இதற்கொரு வைத்தியம் உண்டு. இடுப்புப் பட்டியில் வைத்துத் தைக்கும் எலாஸ்டிக்கில் மிஞ்சிய துண்டை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொள்வது. பேய் மேலே ஏறாதாம். முந்தைய மூவரும் கட்டியிருந்தார்கள். மின்னலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாள்.

அந்த வாரம் தங்கைக்கும் அதே ஆலையில் வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் மின்னலைக் கூப்பிட்டார். "உன் கை தேறாது. மடிக்கிற இடத்துக்குப் போயிடு. திங்கக்கிழமைலேருந்து ஏழுல உன் தங்கச்சி உக்காரட்டும். புதுக் கை, தாங்கும்."

புதுக் கை. ஊசி மாற்றுவதுபோல் சொன்னார். சனிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கைப்பயிற்சி தரும் பெண் முதல் காரியமாக அந்த எலாஸ்டிக்கை வெட்டி எறிந்தாள்.

"எந்தெந்த விரல் மரக்குது?"

"கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிரவிரல்ல பாதி."

"சுண்டுவிரல்?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஏழு மேசைல எங்க கடைசி மேசைல மட்டும் பேய் இருக்குன்னு சொல்றாங்க, எனக்கு முன்னாடி மூணு பேருக்கு இப்படி ஆச்சு."

"அப்ப அந்தப் பேய் சுண்டுவிரலை மட்டும் ஏன்மா விட்டுச்சு? அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா அதுக்கு?"

மின்னல் தன் சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான வழி இருக்கு. விரலை மடக்குற தசைநாருங்களும் ஒரு நரம்பும் அதுல நெருக்கியடிச்சுப் போகுது. நாள் பூரா அமுக்கினா உள்ள வீங்கி நரம்பு நசுங்குது. அந்த நரம்பு போறது இந்த மூணரை விரலுக்குத்தான். சுண்டுவிரலுக்கு வேற நரம்பு, வேற வழி. நீ மேலயும் கட்டி இன்னும் நெரிச்சிருக்கே." மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு பட்டையைக் கொடுத்தாள். "தூங்கும்போது போட்டுக்க. இறுக்காதே. வெட்டுற வேலையை இப்போதைக்கு நிறுத்து."

மின்னல் தன் கட்டைவிரலின் அடியில் இருந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது மேடாக இல்லை.

"இது திரும்ப வருமா?"

"மரத்துப்போறது குறையும். இந்தச் சதை... முன்னாடியே வந்திருக்கணும். டாக்டர் பாக்கட்டும், ஆபரேஷன் தேவைப்படலாம். ஆமா, மத்த ஆறு மேசைக்கும் வராதது உங்களுக்கு மட்டும் ஏன் வருது?"

வீடு வரை அந்தக் கேள்வி கூடவே நடந்தது. தடித்த துணி தைக்கும் வரிசை ஏழாம் மேசைக்கு அருகில் முடிகிறது. அதனால் தடித்த துணியெல்லாம் அங்கேதான் விழும். அது ஒன்று. இன்னொன்று நினைவுக்கு வந்தபோது தெருவிலேயே நின்றுவிட்டாள்.

கூடை. காலையில் கத்தரிகள் ஒரு கூடையில் வரும். முதல் மேசையிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தியும் ஒன்றை எடுத்துக் காற்றில் இரண்டு முறை அமுக்கிப் பார்ப்பாள். ஸ்பிரிங் லேசாக இருந்தால் வைத்துக்கொள்வாள், கனத்தால் திருப்பிப் போடுவாள். ஏழுக்கு வரும்போது மிச்சம் இருப்பவை லேசில் அசையாத முரட்டுக் கத்தரிகள். நான்கு வருடம் அந்தக் கூடைக்குள் முதலில் நுழைந்தது மின்னலின் கை. அவள் திருப்பிப் போட்டதையெல்லாம் அமுக்கியவள், அவளுக்கு முன் ஏழில் இருந்த, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் நெட்டை, தன் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொல்லி முன்பின் தெரியாத ஒருவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மேசையை மாற்றியவர்களுக்கு ஸ்பிரிங்கை மாற்றத் தோன்றவில்லை. பேய் இருந்தவரை அவர்களுக்கு வசதி.

திங்கட்கிழமை கூடை வந்ததும் மின்னல் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக ஏழாம் மேசைக்குப் போனாள். "எடுடி, நல்லதா பார்த்து எடு" என்று தங்கையிடம் நீட்டினாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஒண்ணுலேருந்துதான் போகணும்!"

"யார் சார் சொன்னது?" முரட்டுக் கத்தரி ஒன்றை அவர் கையில் வைத்தாள். "நூறு தடவை அமுக்குங்க. நாங்க நாளுக்குப் பத்தாயிரம் அமுக்குறோம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அமுக்கினார். நாற்பதில் கையை உதறினார்.

"சார், பேய் பிடிச்சிருச்சா?" என்றது ஒரு குரல். சிரிப்பு மேசை மேசையாகப் போனது. கூடை கடைசியில் முதல் மேசைக்கு வந்தபோது அங்கிருந்தவள் எடுத்து இரண்டு முறை அமுக்கினாள், திருப்பிப் போடப் போனாள், நிறுத்தினாள். அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களும் கைகட்டினார்கள்.

மாலைக்குள் புது ஸ்பிரிங்குகள் வந்தன. தடித்த துணி தினம் ஒரு மேசையாகச் சுற்றும் என்று முடிவானது. பேய் போய்விட்டதாக ஆலையில் பேசிக்கொண்டார்கள்.

மின்னல் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். மரப்பு குறைந்திருக்கிறது. ஆனால் விடியும் நேரத்தில் அந்தக் கை இன்னும் அசைவதைத் தங்கை பார்க்கிறாள். அது என்ன செய்கிறது என்று இப்போது இருவருக்கும் தெரியும். காற்றில் இரண்டு முறை அமுக்குகிறது. பிறகு விரல்கள் விரிகின்றன, எதையோ கூடையில் திருப்பிப் போடுவதுபோல்.