பொருத்தத்தை நீக்கிவிட்டு வந்தோம்

நண்பர்களே, இன்று தி. நகரில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு, என்னோடு வேலை பார்க்கும் வசந்தியோடு போயிருந்தேன்.

அங்குள்ள டேட்டாபேஸ் சர்வருக்கு, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ப்ளக்-இன் என்ற துணை நிரலைப் போன வருடம் எழுதிக் கொடுத்தது நாங்கள் இருவரும்தான். எழுதும்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது, அவளுக்கும் என்னை. ஆனால் என் ஜாதகம் சேரவில்லை என்று மயிலாப்பூரில் அவள் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமும் ஆகிவிட்டது.

"புதுசு ஒண்ணு வாங்கியாச்சு சார். பழசைத் தூக்கிடுங்க" என்றார் மையத்தின் மேனேஜர்.

அதற்கு மவுஸ் உதவாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். வசந்தி தட்டினாள். நிச்சயமாக நீக்கவா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இதுகூட ஒரு வார்த்தை கேக்கறது ரவி. எங்காத்துல யாரும் என்னைக் கேக்கலை."

மேனேஜர் வேறு பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவளே ஆம் என்பதற்கான 'ஒய்' எழுத்தை அழுத்தினாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம். ப்ளக்-இன் பட்டியலில் அது இல்லை.

வெளியே வந்ததும், "கல்யாணத்துக்கு மட்டும் வந்துடாதே. உன்னைப் பாத்தா என்னால மணையில உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆபீஸ் சார்பில் அவளுக்குக் கல்யாணப் பரிசு வாங்கும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். மிக்ஸியா, குக்கரா? நீங்களே சொல்லுங்கள்.