சம்பளத்தைப் பற்றிப் பேசாதவர்

கதவு திறக்கும் ஓசை கேட்டால் போதும், வந்தது யாரென்று பார்ப்பதற்கு முன்பே அவர் கை கணினித் திரையை அணைத்துவிடும். பிறகு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். பேச்சு எதுவானாலும் நடைவழியில்தான். முதலாளியே வந்தாலும் இதே உபசாரம். ஒருநாள் அறைக்குள் பல்லி விழுந்தபோதும் திரையை அணைத்துவிட்டுத்தான் துரத்தினார் என்று பெட்டி கட்டும் பிரிவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவு என்றால் அவர் ஒருவர், ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி. நூற்றுப் பத்துப் பேரின் சம்பளமும் அவர் தலைக்குள் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட வாய்வரை வந்ததில்லை. நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘அமுக்குணி சார்’. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

சம்பளச் சீட்டை மூன்றாக மடித்து, இரண்டு ஓரத்திலும் பின் அடித்துக் கொடுப்பார். “பத்திரம். யார்கிட்டயும் காட்டாதீங்க. விதி.” பிரிக்கும்போது தொகை பாதியாகக் கிழிந்துவிடுகிறது என்று ஓர் ஓட்டுநர் குறைப்பட்டபோது, “ஒட்டிப் பாருங்க. தனியா இருக்கும்போது” என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணப் பேச்சில் மாமனார் சம்பளம் கேட்டதற்கு “குறைவில்ல” என்று ஒரே சொல்லில் முடித்தவர். அதை நம்பித்தான் அந்த மனிதர் பெண்ணைக் கொடுத்தார். மனைவி இன்றுவரை, சம்பள நாளில் அவர் வாங்கி வரும் பழப்பையின் கனத்தை வைத்தே சம்பள உயர்வைக் கணிக்கிறாள். “இந்த வருஷம் ரெண்டு ஆப்பிள் கூட வருது. ஏதோ போட்டுருக்காங்க போல” என்று தங்கையிடம் தொலைபேசியில் சொல்வாள். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

அவருடைய நிம்மதியைக் கெடுத்தவர், தொழிற்சாலையில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் பெண்மணி. சரிபார்ப்பு மேசையில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர். மயிரிழை விரிசலைக்கூடக் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்து மூடியைக் கூடையில் எறிவார். எட்டு மாதத்துக்கு முன் வந்த புதியவளுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஒரு மதியம் அந்தப் பெண் வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். “அக்கா, இதுல அடிப்படைச் சம்பளம் எது?” என்று கேட்டாள். காட்டுவதற்காகப் பெரியக்கா தன் சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு சீட்டிலும் அதே வரியை இருவரும் பார்த்தார்கள். புதியவளின் தொகை ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

பெரியக்கா நேராக அவர் அறைக்கு வந்தார். திரை அணைந்தது. அவர் வாசலுக்கு வந்தார்.

“சார், அவளுக்கு ஏன் என்னைவிட அதிகம்?”

“சம்பளத்தப் பத்திப் பேசக்கூடாதும்மா. விதி.”

“எந்த விதி? காட்டுங்க. நானே படிச்சுக்கறேன்.”

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் உள்ளே போய் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். நடைவழியில் நின்றபடி இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். தாமதமாக வந்தால் என்ன, தலைக்கவசம் தொலைந்தால் என்ன, நனைந்த குடையை எங்கே வைப்பது, எல்லாம் இருந்தது. சம்பளம் பேசக்கூடாது என்பது மட்டும் இல்லை. அவர் முன்னட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்த விதியை அவருக்கு முதல்நாள் சொன்னவர், அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர். அவருக்கு யார் சொன்னார்களோ.

“இல்ல போல” என்றார் மெதுவாக.

“எனக்கு அவமேல கோவம் இல்ல சார். நல்ல பொண்ணு. ஆனா ஒண்ணு சொல்லுங்க. எட்டு மாசமா இதத் தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

அவர் புத்தகத்தை மூடினார். தெரிந்துதான் போட்டார். மாதாமாதம் அந்த இரண்டு வரிகளைக் கடக்கும்போது வேகமாகக் கடப்பார், அவ்வளவுதான். பெரியக்கா பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அன்று மாலை வரை சார் சம்பளப் பட்டியலை வரிவரியாகப் புரட்டினார், வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேலாளர் அவரைக் கூப்பிட்டார். “கேன்டீன்ல ஒரே சம்பளப் பேச்சாம். பேசினா நடவடிக்கைன்னு ஒரு அறிவிப்பு அடிச்சு ஒட்டுங்க.”

“எந்த விதிப்படின்னு கேப்பாங்க சார். நான் தேடிட்டேன். கிடையாது.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “புதுசா வந்த பொண்ணு சேரும்போதே இவ்ளோ வேணும்னு கேட்டா, குடுத்தோம். பெரியக்கா கேக்கலையே.”

“இப்ப கேட்டுட்டாங்க.”

“இவங்களுக்குக் குடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்க.”

“எல்லாரும் இல்ல சார். ஆறு பேர்தான். ஒரே வேலை, அதிக வருஷம், குறைஞ்ச சம்பளம்.” சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். மூன்றாக மடித்து, இரண்டு ஓரத்திலும் பின். மேலாளர் நகத்தால் நெம்பிப் பார்த்துக் கடைசியில் கத்தரிக்கோலைத் தேடினார்.

படித்து முடித்துக் கேட்டார்: “இத்தன நாளா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல சார்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் இருவருக்கும் பொதுவாக இருப்பதை உணர்ந்தார். காது சிவந்துவிட்டது.

மூன்று வாரம் இழுபறி. முதலாளி இரண்டு முறை வந்தார், ஒரு முறை கத்தினார். ஆறு பேர் போனால் மூடிகளை யார் தடவிப் பார்ப்பது என்று மேலாளர் பதமாக எடுத்துச் சொன்னபின் இறங்கி வந்தார். ஆறு பேருக்கும் உயர்ந்தது. பெரியக்காவுக்குப் புதியவளைவிடச் சற்றே மேலே. போன வருடங்களுக்கு ஒன்றும் இல்லை. “போனது போச்சு, விடுங்க” என்று பெரியக்கா சொன்னதில் விட்டுவிட்ட தொனி இல்லை. முக்கியமாக, இனி ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடிவானது.

தட்டச்சு செய்ததும் ஒட்டியதும் அவர்தான். நான்கு மூலையிலும் ஊசி குத்தி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரவர் வரியை அவரவர் தேடினார்கள். சிலர் முகம் மலர்ந்தது, சிலர் உடனே மேலாளர் அறைப் பக்கம் திரும்பினார்கள். புதியவள் பெரியக்காவின் தோள்வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“எல்லாரோடதும் தெரிஞ்சுபோச்சு. கடைசி வரில சம்பளப் பிரிவும் இருக்கு பாருங்க” என்றார் பெரியக்கா. “சார், இதுல நீங்க எங்க இருக்கீங்க? மேலயா, கீழயா?”

ஓட்டுநர் கூடத் திரும்பிப் பார்த்தார். அமுக்குணி சார் வழக்கப்படி நடைவழியின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மீதமிருந்த ஊசிகளைப் பையில் போட்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்கு அருகே போய், கடைசி வரியில், ‘குறைந்தது’ என்ற கட்டத்துக்கும் ஓர் அங்குலம் கீழே, ஒன்றும் அச்சிடாத வெற்றுத் தாளின் மேல் விரலை வைத்தார். பின்னால் நிற்பவர்களும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.