தாத்தாவின் படை எண்

தாத்தாவை என் அப்பா 'அந்த ஆள்' என்றுதான் சொல்வார். தக்கலைப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போன குடும்பம் எங்களுடையது. தாத்தா அங்கேயே பிறந்தவர், லாரி ஓட்டுநர். கல்யாணத்துக்கு மட்டும் ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள். யுத்தம் நெருங்கியபோது மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த அப்பாவையும் கப்பலேற்றி அனுப்பிவைத்தார். பின்னால் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகியிருக்கும் என்று ஊரில் பேசினார்கள். அதைக் கேட்டேதான் அப்பா வளர்ந்தார்.

2009இல், தாத்தா பெயரில் கிடந்த பதினைந்து சென்ட் நிலத்தை அப்பா பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். தாலுகா ஆபீசில் தாத்தாவின் இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள்.

"செத்தாரா, இருக்காரான்னே தெரியாது. இதுல சான்றிதழுக்கு நான் எங்க போவ?" என்றார் அப்பா. அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

வீட்டிலிருந்த பழைய பத்திரங்களுக்கு இடையில் தாத்தா மலாயாவிலிருந்து போட்ட ஒரே ஒரு கார்டு இருந்தது. சுகம், சுகமறிய ஆவல் என்று நாலு வரி. பெயருக்குக் கீழே ஓர் எண். லாரி நம்பராக இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது லாரி நம்பர் இல்ல டீச்சரே. படை நம்பராக்கும். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒண்ணு உண்டு."

"எங்க வீட்டுல யாரும் பட்டாளத்துக்குப் போகல்லியே?"

"இவரு போயிருக்காரு."

அந்தச் சனிக்கிழமை தக்கலையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தேன். உலகப் போரில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருந்தது. தாத்தாவின் பெயரைத் தெரிந்த எழுத்திலெல்லாம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் எண்ணை மட்டும் அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. யாரோ ஒரு குமாஸ்தா பெயரைக் கடித்துக் குதறி எழுதியிருந்தார். இந்தியப் படை, லாரி ஓட்டுநர், இறந்த தேதி. அதற்குக் கீழே, இன்னாரின் கணவர் என்று என் பாட்டியின் பெயர். முகவரியாக அந்த மலாயா தோட்டம். தகவல் எங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியின் பெயரை எந்த ஊரிலோ, எவரோ, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

அச்செடுத்த தாளை அப்பா இரண்டு முறை வாசித்தார். பிறகு கார்டின் தபால் முத்திரையையும் இறந்த தேதியையும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"ஏழு வாரம்" என்றார். "ஏழே வாரம், மக்ளே. இதுல வேற குடும்பத்துக்கு எங்க நேரம்?"

அந்தத் தாளோடு மனுக் கொடுத்ததில் நிலம் அப்பா பெயருக்கு மாறியது. ஆனால் அப்பாவின் கவனம் அதற்குள் வேறிடத்துக்குப் போய்விட்டது. அதே நாளில், அதே பிரிவில் இறந்தவர்களின் பெயர்களையும் அச்செடுத்திருந்தேன். அதில் ஒருவருக்கு ஊர் இராஜாக்கமங்கலம் என்று இருந்தது.

"இவருக்க வீட்டுக்குப் போவோம்."

"எதுக்குப்பா?"

"அவியளும் நம்மள மாதிரி ஒண்ணும் தெரியாம இருந்தா?"

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் போய் பஸ் மாறினோம். கடற்கரையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். இறந்தவரின் தம்பி இருந்தார். எண்பது வயது தாண்டிய மீனவர். நாங்கள் நீட்டிய தாளைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்களுக்கு அப்போதே தந்தி வந்துவிட்டதாம்.

"நீங்க தக்கலையா?" என்று அவர் கேட்டார். "தக்கலைக்காரன் ஒருத்தன் கூட உண்டுன்னு அண்ணன் கடுதாசி போட்டிருந்தான். ரெண்டு பேரும் ஒரே லாரி."

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த ஆளுக்க மகனுக்குப் பல்லு முளச்சிருக்குன்னு ஊர்ல இருந்து எழுதியிருந்தாவளாம். அத லாரியில ஏறுறவன், இறங்குறவன் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவானாம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிட்டுன்னு அண்ணன் எழுதியிருந்தான். வீட்டுல சிரியோ சிரின்னு சிரிச்சோம்."

"அந்தக் கடுதாசி இருக்கா?" என்றேன்.

"சுனாமியில பெட்டியோட போச்சு, தாயே."

கடல் கொண்டுபோன ஒரு காகிதத்தின் வரி, அறுபத்தேழு வருஷத்துக்குப் பிறகும் இந்த மனிதரின் வாயில் உயிரோடு இருந்தது.

அவருடைய மருமகள் சாயா கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதைத் தொடவில்லை. பெரியவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பல்லு முளச்ச விஷயத்த இன்னொருக்கா சொல்லுவியளா?"

பெரியவர் இந்த முறை நிதானமாக, முதலிலிருந்து ஆரம்பித்தார்.