தீர்த்தம் பட்ட கவசம்

தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாடை வந்துவிடும். மற்ற வீடுகளில் இறைச்சியை விடுவதா, வெற்றிலையை விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, நான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து, அதற்குள்ளிருந்து ஓர் உரோமை அதிகாரியை வெளியே எடுத்துக்கொண்டிருப்பேன். மார்புக் கவசம், தலைக்கவசம், முழங்கை வரை வரும் கைத்தகடுகள், ஒரு வாள். ஆள் மட்டும் இத்தாலியில் இருந்தான்.

ஆள் என்றது என் தம்பியை. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுக்குச் சற்று மேலே இருக்கும் இந்த வீட்டில், அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன், இங்கே புதிதாக ஒன்று சொல்லி மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். தம்பி ஒரு கராஜில் வெல்டிங் வேலை பார்த்தான்.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளின் நாடகம் போடுவார்கள். அதில் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் வேஷம் தம்பிக்கு. ஆரம்பத்தில் எல்லாச் சேவகர்களுக்கும் வெள்ளிக் காகிதம் ஒட்டிய கார்ட்போட் கவசம்தான். ஒரு வருஷம் சிலுவைப் பாதையின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தம்பியின் கவசம் ஊறி, நெஞ்சிலிருந்து கழன்று சேற்றில் விழுந்தது. அழ வந்த சனம் சிரித்தது. அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அடுத்த தவக்காலத்துக்குள் டீசல் பீப்பாயின் தகட்டை வெட்டி, நெருப்பில் காட்டி வளைத்து, தன் நெஞ்சளவுக்கு உண்மையான கவசம் ஒன்றைச் செய்துவிட்டான். வாளை லொறியின் வில்லுத் தகட்டில் அடித்தான். அந்த வருஷம் அவன் சிலுவையடியில் நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையில் செபம் கூட மறந்துவிட்டது.

பிறகு அவன் இத்தாலிக்குப் போனான். போகிற காலையில் பெட்டியைக் காட்டி, "அடுத்த ஈஸ்டருக்கு வந்து நானே போடுறேன்க்கா, துரு மட்டும் புடிக்க விட்டுறாத" என்றான். நானும் அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

துருவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆற்றுப் பக்கத்து வீடு. அலுமாரிக்குள் தொங்கும் சேலையே பூஞ்சணம் பிடிக்கும் ஊரில் இரும்பு எம்மாத்திரம்? முதல் வருஷம் தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசி வைத்தேன். சில மாதங்களில் அது அப்பளம் பொரித்த சட்டி மாதிரிப் பிசுபிசுத்து, மேலே தூசும் கீழே துருவும் ஒட்டிக்கொண்டு நின்றன. பாலத்தடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மடவளை ஊர்க்கார நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தேங்கெண்ணெ தலைக்கு வைக்கிறது தங்கச்சி, இரும்புக்கு வைக்கிறதில்ல" என்று சொல்லி, தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் கம்பிப் பஞ்சையும் எடுத்துத் தந்தார்.

அடுத்த வருஷம் வினாகிரியில் நனைத்த துணியைத் துரு மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். புளிப்பு துருவைத் தின்றது உண்மைதான். ஆனால் தின்று முடித்ததும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கி, மாலையில் நான் திரும்பி வரும்போது கவசம் முழுக்கக் காவி கட்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு முட்டாள்தனம் செய்து, ஒவ்வொரு வருஷமும் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாத இடத்துக்கு மட்டும் கொஞ்சம் வினாகிரி. உடனே அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, அடுப்புச் சூட்டில் காட்டி, ஈரம் ஒரு பொட்டும் இல்லாமல் உலர்த்த வேண்டும். எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது, கை வியர்வை போதும் அதைக் கெடுக்க. பொலித்தீனில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துவிடும், அதனால் பருத்தித் துணி. வாளை உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது, தோல் உறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனை செய்தும் ஒரு வகைத் துரு மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் தவக்காலத்தின் முதல் ஞாயிறு கழிந்ததும் கவசத்தின் முன்பக்கத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் எழும். பின்பக்கம் பளிச்சென்று இருக்கும். அம்மை போட்ட மாதிரி முன்பக்கம் மட்டும். அது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஒரு வருஷம் அந்த ஞாயிற்றுப் பூசை முடிந்து, நாடகத்துக்கென்று பீடத்தின் படியில் வைத்த கவசங்கள் மீதும் வாள்கள் மீதும் பாதர் தீர்த்தம் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. எங்கள் கோயிலில் தீர்த்தத்தில் உப்பு போட்டு மந்திரிப்பார்கள், அது பழைய வழக்கம். உப்புத் தண்ணீர் இரும்பில் விழுகிறது. விழுந்ததை யாரும் துடைப்பதில்லை. தீர்த்தத்தைத் துடைப்பதாவது! அது தானாகக் காயும் வரை எல்லாரும் கைகட்டி நிற்போம்.

அதன் பிறகு ஆசீர்வாதம் முடிந்ததும் தலையிடி என்று சொல்லி, கவசத்தை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கழுவிவிடுவேன். ஆண்டவருக்கு ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை. தம்பி போன பிறகு எங்கள் தெருவின் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் அந்த வேஷம் கட்டினார். நல்ல மனுசன். ஆனால் கவசத்தை வியர்வையோடு திருப்பித் தருவார், நான் வாசலில் வைத்தே துடைக்கத் தொடங்குவேன். அவர் போட்டது எனக்கு இரவல் கொடுத்த மாதிரிதான்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான், பெரும்பாலும் நான்தான் அவனுக்குப் போன் எடுப்பேன். எடுத்ததும் நான் சொல்வது, கவசம் நல்லாயிருக்கிறது. அவன் சொல்வது, அடுத்த ஈஸ்டருக்குப் பார்ப்போம். பிறகு அங்கே அவனை யாரோ கூப்பிடுவார்கள், போனை வைத்துவிடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மழை நாட்களில் ஆற்றின் சத்தத்தைத் தவிர இந்த வீட்டில் வேறு குரல் கிடையாது. சில மாலைகளில் கவசத்தை மேசை மேல் நிமிர்த்தி வைத்து, அதற்கு எதிரே கதிரையைப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

போன வருஷம் அவன் நிச்சயமாக வருவதாகச் சொன்னான். லீவு கேட்டிருக்கிறான், கிடைத்துவிடும். நான் கோயில் கமிட்டியிடம் போய் வேஷத்தைத் தம்பிக்குத் திருப்பி வாங்கினேன். ஆட்டோக்காரர் முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்தார். நான் கவசத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதில் என் முகம் தெரிந்தது. மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி மண்ணெண்ணெயில் கலந்து பூசி, வாளின் விளிம்பு வரை மெருகேற்றினேன்.

முதல் ஞாயிறு வந்தது. ஆசீர்வாதம் முடிந்ததும், அன்று பிற்பகலே ஒத்திகை, சாமான்கள் கோயிலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலையிடி பலிக்கவில்லை. உப்புத் துளிகள் கவசத்தில் முத்து முத்தாக நின்றன. தம்பி வந்து இறங்கும்போது அம்மை போட்ட கவசத்தையா காட்டுவது? நான் எழுந்து போய், எல்லார் முன்னாலும், கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கும் அக்கா ஒருவர் வாய் திறந்தார்.

"ஆண்டவரோட தீர்த்தத்தக் கைலேஞ்சியால தொடைக்கிறியா?"

"ஆண்டவர் கோவிக்க மாட்டாருக்கா. துருவுக்குத்தான் மரியாத தெரியாது" என்றேன். சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பாதர் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்தார். சின்ன வயதுக்காரர், வந்து கொஞ்ச நாள்தான். உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உப்பில்லாமலும் மந்திரிக்கலாம், அதில் பிரச்சினை இல்லை என்றார். பிறகு, யாருக்காக இவ்வளவு பாடு என்று கேட்டார். தம்பி வருகிறான் என்றேன்.

"டிக்கட் போட்டுட்டாரா?"

ஈஸ்டருக்கு இன்னும் சில வாரங்கள்தான். அவன் ஒரு தடவை கூட டிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இந்த வருஷம் மட்டுமல்ல, எல்லா வருஷமும். பாதர் வேறொன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்.

அன்று மாலை தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் குரல் எப்போதும் போலவே அவசரமாக இருந்தது. கவசம் எப்படி இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்குவதற்காகக் காத்திருந்தான். அதற்குப் பின்னால் வரக்கூடிய, எப்போது வருகிறாய் என்ற கேள்விக்குப் பயந்துதான் அவன் ஒவ்வொரு தடவையும் போனை வைக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"கவசத்த ஆட்டோக்காரத் தம்பிக்கே குடுத்துட்டேன்டா. இனி அவருதான் போடுவாரு. நீ லீவுக்கு அலைய வேணாம்."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது. சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு. என் காதில் விழுந்த அந்த மூச்சுதான் அன்றைக்கு என்னை அதிகமாக வருத்தியது. என் தம்பிக்கு வீட்டுக்கு வருவது இவ்வளவு பாரமாக இருந்திருக்கிறதே என்று நினைத்தேன். அப்போது அவன் சொன்னான்.

"எனக்கு இங்க விசா இல்லக்கா. எப்பவுமே இருந்ததில்ல. வெளிய வந்தா திரும்ப உள்ள போக ஏலாது. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ அத அப்படித் தேச்சி வச்சிருக்கேன்னு சொல்லும்போதெல்லாம்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நான் அழவில்லை. அவன் அழுதான், நான் மூத்தவள் என்பதால் அதட்டினேன். அதன் பிறகு அவன் போனை வைக்கவில்லை. தான் வேலை செய்யும் சமையற்கட்டைப் பற்றி, குளிரில் வலிக்கும் முழங்காலைப் பற்றி, பொலிஸைக் கண்டால் தெரு மாறி நடப்பதைப் பற்றி, இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னான். இருட்டிப் போயும் நான் விளக்கைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கோயிலில் இருந்த கவசத்தையும் வாளையும் பெட்டியில் எடுத்து வைத்து, பொய்யை மெய்யாக்க ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். மண்ணெண்ணெய், எண்ணெய், பருத்தித் துணி, எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் ஒப்படைத்து, உறையையும் வாளையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். திரும்பி நடக்கும்போது கைகள் லேசாக இருந்தன, மற்றதெல்லாம் கனத்தது. வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன், வெகுநாள் சேர்ந்த தூசு.

பெரிய வெள்ளியன்று சனத்தோடு சனமாக நின்று நாடகம் பார்த்தேன். கவசம் நன்றாக மின்னியது. ஆட்டோக்காரருக்கு அது கொஞ்சம் இறுக்கம். தம்பி இனி வரமாட்டான் என்று அங்கே நின்றுதான் எனக்குள்ளேயே முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டேன். சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் நானும் அழுதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

ஈஸ்டர் ஞாயிறு பிற்பகல் போன் அடித்தது. இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை, அவனே கூப்பிட்டிருந்தான். கவசத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் நான் வெறுமனே ஹலோ என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். இந்த வீட்டில் என்னிடம் யாரும் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம். இரண்டு துண்டு பாணும் நேற்றைய கறியும் என்றேன். என்ன கறி என்று கேட்டான்.