ஒடுக்கு எடுத்த சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதம் முதல் வாரத்தில், திருப்பதியில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் நகரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து திருப்பதியில்தான் இருக்கிறோம். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு மேலேயே இருக்கும். இது என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டு பெருமையாகத்தான் திரிந்தேன்.

பதினேழு வருடம் ஸ்கூட்டியில் போய்வந்தவள், அந்த ஆவணியில்தான் கார் வாங்கினேன். என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கிய முதல் வண்டி. கரும்பச்சை நிறம். மலையடிவாரத்து அலிபிரியில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்து வந்தேன். சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மனசு வரவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாகக் கீழே வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். "கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்ல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அன்று வியாழக்கிழமை. தைராய்டு பரிசோதனை ரிசல்ட் வாங்குவதற்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அரை நாள் லீவு போட்டிருந்ததால் எந்த அவசரமும் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லை.

புரட்டாசிக் கூட்டம். ஊரே வண்டியால் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வேனுக்கு நடுவே எப்படியோ ஓர் இடம் பிடித்து, பத்து முறை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கினேன். என் பக்கத்தில் இருந்த வேன் கிளம்பியது. அந்த இடத்தில் ஒரு பழைய கார் சர்ரென்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் குதித்து இறங்கி, பின் கதவை முழு வேகத்தில் திறந்தான். கதவின் விளிம்பு என் கார்க் கதவில் போய் 'டங்' என்று இடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெயின்ட் போகவில்லை. ஆனால் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒடுக்கு. எனக்கு என் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. தெலுங்கில் திட்ட ஆரம்பித்தேன். அவனோ தமிழில், அதுவும் எங்கள் நகரித் தமிழில் பதில் சொன்னான்.

"அக்கா, நைனாவுக்கு நெஞ்சு வலி அக்கா. வந்த அவசரத்துல பாக்கல. எதுவா இருந்தாலும் நான் செஞ்சி குடுத்துடறேன்."

நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் மனசு இளக வேண்டும் அல்லவா? எனக்கு அப்படி நடக்கவில்லை. சொந்த பாஷையில் திட்டுவது இன்னும் சுலபமாகிவிட்டது. யாருடைய வண்டி, லைசன்ஸ் இருக்கிறதா, கண் என்ன பின்னாலா இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் உள்ளே இருந்து இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார்கள். அவனுடைய அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி அதில் உட்கார வைத்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். டாக்டருக்குப் படித்தவள் மாதிரி.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவனும் பின்னாலேயே போகத் திரும்பினான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஓடிடுவீங்க. எனக்குத் தெரியும். நம்பர் குடுத்துட்டுப் போங்க."

நம்பர் சொன்னான். பொய் நம்பராக இருந்தால்? மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அந்தப் பக்கம் நகர்ந்து மறுபடியும் அடித்தேன். அவன் போன் ஒலித்தது. அது போதவில்லை எனக்கு. கார் யாருடையது என்று கேட்டேன். நகரியில் பக்கத்து வீட்டுக்காரருடையதாம். விசைத்தறி ஓட்டுகிறானாம். அப்படியானால் லைசன்ஸைக் கொடு, ஒடுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள் என்றேன். எடுத்துக் கொடுத்தான். பிறகு ஒடுக்கைப் போட்டோ எடுத்தேன். அவன் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்தேன். "உள்ள போய்ட்டு வந்துடறேன்க்கா" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பான்.

அப்போது நடந்த ஒன்றை நான் மட்டும்தான் பார்த்தேன். அவன் குனிந்து பர்ஸில் லைசன்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். சாய்வுப் பாதையில் மேலே போய்க்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து அந்தப் பெரியவர் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை மட்டும் தூக்கி, நெற்றியில் வைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விட்டுடும்மா என்கிற மாதிரி. பிறகு மகனையே பார்த்துக்கொண்டு போனார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னைச் சமாளிக்கிறார்கள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

பத்து நிமிடம் இருக்கும். அதன் பிறகு அவனை விட்டேன். செருப்பு ஒன்று கழன்று விழ, அதை எடுக்காமலே உள்ளே ஓடினான்.

மறுநாள் அவனுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, இப்போது பேச முடியாது என்றாள். பின்னால் ஒரே ஜனச் சத்தம். ஏதோ விசேஷ வீட்டில் இருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் ஒடுக்கின் போட்டோவை அனுப்பி, "ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று டீச்சர்கள் அறையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிட்டான். ரேணிகுண்டா ரோட்டில் தெரிந்தவருடைய டிங்கரிங் ஷாப் இருக்கிறது, நாளைக்குக் காலையில் வண்டியைக் கொண்டு வரச் சொன்னான். போனேன். எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். மழமழவென்று மொட்டைத் தலை.

திருப்பதியில் இருக்கிறவர்களுக்கு மொட்டைத் தலையைப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றும். அதிலும் புரட்டாசி மாதம். வழியெல்லாம் மொட்டைகளைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். நம் வண்டியை இடித்துவிட்டு இவன் குடும்பத்தோடு மலைக்குப் போய்வந்திருக்கிறான் என்று ஒரு எரிச்சல். ஆனாலும் வேலை நடக்கப் போகிறதே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"மலைக்குப் போய்ட்டு வந்தீங்களா? தரிசனம் நல்லா ஆச்சா? எங்களுக்கு ஒரு லட்டுகூடக் கிடையாதா?"

அவன் தலையை ஒரு முறை தடவிக்கொண்டான். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"மலைக்குப் போவலக்கா. நைனா பூட்டாரு. அன்னிக்கி மத்தியானமே. நேத்துதான் பதினாறு முடிஞ்சிது. அதான் லேட்டாயிடுச்சி, தப்பா நெனச்சிக்காதீங்க."

வேண்டாம்ப்பா, ஒடுக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், லைசன்ஸை வாங்கிக்கோ என்று எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "செஞ்சி குடுக்கறேன்னு சொன்னேன் இல்லக்கா" என்றான். கடைக்காரர் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

கதவின் உள் அட்டையைக் கழற்றி, வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அவர் மெல்ல மெல்ல நெம்பினார். கதவுக்கு எதிரே ஒரு டியூப்லைட்டை நிறுத்தி வைத்திருந்தார். அதன் வெளிச்சம் பெயின்ட்டில் ஒரு கோடாகத் தெரிந்தது. ஒடுக்கு இருந்த இடத்தில் கோடு கோணலாக இருந்தது. கோடு நேரானால் ஒடுக்கு போய்விட்டது என்று அர்த்தமாம்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு தானாகப் பேசினான்.

"நான் போறதுக்குள்ள ஐசியு கதவ மூடிட்டாங்கக்கா. அப்புறம் உள்ள வுட்டப்போ கண்ண மூடிக்கினு இருந்தாரு. தொறக்கவே இல்ல. பையன் எங்க, பையன் எங்கன்னு கேட்டுக்கினு இருந்தாராம். நர்சம்மா சொன்னாங்க. ஒரு அஞ்சி நிமிசம் முன்னால போயிருந்தா ஒரு வார்த்த பேசியிருப்பேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "உங்கள சொல்லலக்கா" என்றான் அவசரமாக.

என்னை அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்த நேரத்தில் அவர் மகன் எங்கே இருந்தான் என்பது எனக்குத் தெரியும். சிக்னல் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, என் எதிரில் நின்றிருந்தான்.

அப்போதுதான் அந்தக் கும்பிடு ஞாபகம் வந்தது. அவன் பார்க்காத ஒன்று, அவனுக்குச் சேர வேண்டிய ஒன்று, பதினாறு நாளாக என்னிடம் கிடக்கிறது. சொன்னால் என் லட்சணம் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டேன். "நீங்க லைசன்ஸ் தேடினப்போ உங்க நைனா திரும்பிப் பார்த்தாரு. உங்களை விட்டுடச் சொல்லி என்னைக் கும்பிட்டாரு. அதைப் பார்த்தும் நான் விடல. என்னை மன்னிச்சிடுப்பா." கடை வாசலில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

அவன் மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"கண்ண தொறந்துக்கினு இருந்தாராக்கா? என்ன பாத்தாரா?"

"பார்த்தாரு. உள்ள போற வரைக்கும் உங்களையேதான் பார்த்துக்கினு போனாரு."

"நல்லா பாத்தாரா?" என்று இன்னொரு தடவை கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைக்காரர் கூப்பிட்டார். டியூப்லைட் கோடு நேராக ஓடியது. எந்த இடத்தில் ஒடுக்கு இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவன் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்து, கையால் தடவி, "சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன். லைசன்ஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடிக்க நடந்து போனான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை.

அவன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. நகரிக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட நினைப்பேன், கூப்பிட்டதில்லை. நான் அனுப்பிய அந்தப் போட்டோவும் அப்படியே இருக்கிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, அதாவது அவன் பார்த்திருக்கிறான். என்றைக்குப் பார்த்தான் என்று இதுவரை நான் திறந்து பார்க்கவில்லை. வண்டிக்கு அதற்குப் பிறகு எத்தனையோ கீறல் விழுந்துவிட்டது. யாராவது இடித்தால் இப்போதெல்லாம் நான் என் கதவைப் பார்ப்பதில்லை, அவர்கள் வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன், பார்த்த பிறகும் வழியை மறித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.