என் பங்கு மட்டி

பங்காருபேட்டை தாண்டினால்தான் எங்கள் ரயில் பெட்டியில் டிபன் பாக்ஸ் திறக்கலாம். அதற்கு முன்னால் கை வைத்தால் அக்கா திட்டுவாள். விடிவதற்குள் ஏறுகிறோம், பல் தேய்த்த வாய்கூட இன்னும் காயவில்லை, அதற்குள் சாப்பாட்டுக்கு என்ன அலைச்சல் என்பாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல்காரி. வருஷக்கணக்காக எனக்கு எதிர் சீட்டு. என் அப்பாவும் அவள் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட்டில் இறங்கியவர்கள். சுரங்கம் மூடியபிறகு, தினமும் எங்களை இறக்கி ஏற்றுகிற கேஜ், அந்த இரும்புக் கூண்டு, இந்த ரயில்தான்.

நான் வேலை செய்வது உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில். சிப்பிக்குள் இருக்கும் மட்டி, நண்டு, இறால் எல்லாம் என் மேஜைக்கு வரும். கடலையே பார்க்காத ஊரில் பிறந்தவளுக்கு இதென்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. நான் தேடுவது கெட்டுப்போன மட்டியை அல்ல. கெட்டுப்போனதை மூக்கே சொல்லிவிடும், அதற்கு எனக்கு எதற்குச் சம்பளம்? கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி சில சமயம் கண்டபடி பெருகும். அந்தப் பாசியில் நஞ்சு இருக்கும். மட்டி அதைத் தின்றுவிட்டுச் சுகமாக இருக்கும், நஞ்சு அதன் சதையில் தங்கிவிடும். நாற்றம் கிடையாது, ருசி மாறாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சதையை அரைத்து, வடிகட்டி, மெஷினில் ஏற்றினால்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் அது தெரிந்தது. மேற்குக் கரையில் ஒரு கழிமுகத்து ஊரிலிருந்து வந்த மட்டி. மெஷின் திரையில் எழும்பிய கோடு, இருக்கக்கூடிய அளவைத் தாண்டி எங்கேயோ நின்றது. மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும், அதுவரைக்கும் இது வெளியே போகக்கூடாது என்றார். முடிவு வந்தாலும் அது மட்டியை அனுப்பிய கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும்தான். வேலையில் சேர்ந்தபோதே இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரி சார் என்று தலையாட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை பங்காருபேட்டை தாண்டியதும் அக்கா மூடியைத் திறந்தாள். வறுத்த தேங்காயும் மிளகுமாக ஒரு வாசனை. மட்டிக் கறி.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கடற்கரைப் பக்கம் லோடு போனால் ஐஸ் போட்டு மட்டி வாங்கி வருவார். வாங்கி வருவாரே தவிர, தொடமாட்டார். முந்தின இரவு வந்து இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். பிள்ளை ஹாஸ்டலில். ஆகவே அந்தக் கறி முழுக்க அக்காவுக்கும் எனக்கும்தான். பங்காருபேட்டையில் ஏறும் கன்னடக்கார அம்மா சைவம். மட்டி நாளில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

எந்த ஊர் மட்டி என்று கேட்டேன். அக்கா தோசை சுற்றிய இலையைப் பிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொன்னாள். அதே ஊர்.

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். அக்கா, இதைச் சாப்பிடாதீங்க. அவ்வளவுதான். அதற்குள் என் மூளை எத்தனை கணக்குப் போட்டது! இன்னும் உறுதியாகவில்லையே. ஒரே ஊர் என்றால் ஒரே மட்டியா? வெளியே தெரிந்தால் வேலை போகுமே. இதையெல்லாம்விடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து எனக்காகவும் சேர்த்துச் சமைத்துக் கொண்டு வந்தவளிடம், உன் கறியில் விஷம் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று கூச்சமாக இருந்தது. கூச்சம்! அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

"இன்னிக்கி கிருத்திகைக்கா. நான் விரதம்," என்றேன்.

அக்கா சிலுவை போட்டுச் சாப்பிடுகிறவள். முருகன் கணக்கு அவளுக்குத் தெரியாது. ஆனால் விரதம் என்றால் பெரிய மரியாதை. நீ எப்போதிலிருந்து இதெல்லாம் என்று கேட்டாள். அம்மா வேண்டிக்கொண்டாள் என்று இன்னொரு பொய்யைச் சேர்த்தேன். நான் கொண்டுவந்த இட்லி பையிலேயே கிடந்தது. பாவம், பட்டினியா வர்றியே என்று பையைத் துழாவி, மத்தியானத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து என் கையில் திணித்தாள்.

பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். நான் பழத்தை உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம், இந்த வாய் போனதும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தேன். பாத்திரம் காலியானது.

"உன் பங்கையும் நானே துன்னுட்டேன்டி. உனக்கு புண்ணியம், எனக்கு மட்டி," என்று சிரித்தாள்.

மாலூர் தாண்டியதும் உதட்டைத் தடவினாள். மரமரவென்று இருக்கிறது, மிளகு தூக்கலாகிவிட்டது போல என்றாள். அது எதன் முதல் அடையாளம் என்று எனக்குத் தெரியாதா? வாயும் உதடும், பிறகு விரல் நுனி, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. பரீட்சைக்குப் படித்ததுபோல வரிசையாக ஞாபகம் வந்தது. ஆனாலும் மிளகாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஒயிட்ஃபீல்ட் நெருங்கும்போது அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அது அவள் கையில் நிற்கவில்லை. மடியில் கொட்டியது. குழறியபடி என்னைப் பார்த்தாள்.

அதற்குமேல்தான் எனக்கு உயிர் வந்தது. கன்னடக்கார அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து கிருஷ்ணராஜபுரத்தில் இறக்கி, ஆட்டோவில் போட்டு, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சரில் கிடத்தும்போது அக்காவின் கண் மூடியிருந்தது. விரல்கூட அசையவில்லை. டாக்டர் பக்கவாதமாக இருக்கலாம் என்றார். இல்லை டாக்டர் என்று கத்தினேன். மட்டி சாப்பிட்டிருக்கிறார், பாசி நஞ்சு, முறிவு மருந்து கிடையாது, மூச்சு நிற்கப் போகிறது, மெஷின் வையுங்கள் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நேத்துதான் அதே ஊர் மட்டியில அந்த நஞ்சை என் கண்ணால பார்த்தேன். அது என் வேலை."

டாக்டர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேறு எதுவும் கேட்காமல் குழாயைச் செருகினார். ஒரு நாள் முழுக்க மெஷின்தான் அக்காவுக்கு மூச்சு விட்டது. இந்த நஞ்சுக்கு ஒரு நியாயம் உண்டு, மூச்சை மட்டும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் தானாக உடம்பைவிட்டு இறங்கிவிடும். மறுநாள் விரல் அசைந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, சேதி கேட்டு ஓடிவந்த அவள் வீட்டுக்காரர் என்னைக் கும்பிட்டார்.

லேபில் இரண்டாம் தடவை ஓட்டியதிலும் அதே கோடு வந்தது. அரசாங்கத்துக்குச் சொன்னார்கள், அந்தக் கழிமுகத்தில் மட்டி எடுப்பதை நிறுத்தினார்கள். முறைப்படி எல்லாம் நடந்தது.

அக்கா திரும்பி வந்ததிலிருந்து பெட்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. இவள் இல்லையென்றால் நான் மண்ணுக்குள் போயிருப்பேன் என்பாள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய்காரம்மா வரைக்கும் என் புகழ் பரவிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடி வாங்குவதுபோல இருக்கும். எங்கள் அப்பாக்களின் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே ஏறுகிறவன், இறங்கப்போகிறவனிடம் சுரங்கத்தின் எந்த லெவலில் கல் முனகுகிறது, எங்கே இடியப்போகிறது என்று சொல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டான். சண்டைக்காரனாக இருந்தாலும் சொல்லுவான். நான் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "சாப்டலாமா?" என்பாள். இட்லிக்கும் கேட்பாள், தயிர்சாதத்துக்கும் கேட்பாள். சாப்பிடுங்கக்கா என்பேன். பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைப்பேன். பொய்யாகச் சொன்ன கிருத்திகையை நிஜமாகவே பிடித்துக்கொண்டேன். மாதாமாதம் அன்றைக்கு ராத்திரிவரை பச்சைத் தண்ணீர் மட்டும். யாரை ஏமாற்ற?

போன கிருத்திகையன்று பங்காருபேட்டை தாண்டியதும் அக்கா பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கி நெஜமான கிருத்திகை. காலண்டர்ல பார்த்துக்கினுதான் வந்தேன்."

நான் பழத்தைக் கையில் எடுத்தேன். அன்றைக்குச் சொன்னது பொய் என்று இவளுக்கு எப்போது தெரிந்தது? அவளே சொன்னாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி.

"அன்னிக்கி கண்ணு தெறக்க முடியலடி. காதெல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சி. டாக்டர்கிட்ட நீ சொன்னது மொத்தமும் கேட்டுச்சி."

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இந்த நஞ்சு உடம்பைக் கட்டிப்போடுமே தவிர, நினைவை அணைக்காது. நானே படித்ததுதான். அசையாமல் கிடந்து, மூச்சுக்குக் குழாய் போடுமுன், தான் சாப்பிட்டதை நான் ஏன் தொடவில்லை என்று அவள் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதன்பிறகும் இத்தனை மாதம் ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏங்க்கா எல்லார்கிட்டயும் அப்படி சொன்னீங்க?"

"காப்பாத்தினது நீதானே. அது பொய்யா இன்னா?" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜன்னல் வழியா கொட்டிட்டு உன் இட்லிய புடுங்கி துன்னுருப்பேன். அவ்ளோதாண்டி."

டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். வழக்கம்போல என்னைப் பார்த்தாள். "சாப்டலாமா?"

சாப்பிடுங்கக்கா என்றேன். அவள் கையை வைக்கவில்லை. பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள். விரதம் கிடக்கட்டும் என்று ஒரு இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து வாயில் போட்டு விழுங்கினேன். நான் விழுங்கியதைப் பார்த்தபிறகுதான் அக்கா சாப்பிட ஆரம்பித்தாள்.